இன்னும் கேட்கத் தொடங்கவே இல்லை

“அறுபத்தைந்து வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு முணுமுணுப்பாவது கேட்டதா? கேட்கவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்?”

பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்ற தேடலைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் முதலில் வந்து விழுகிறது. சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அறிவியல் படித்தவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், பறக்கும் தட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் சலிப்போடு நிற்காமல் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்: தேடியாயிற்று, கிடைக்கவில்லை, ஆகவே இல்லை. நான் விஞ்ஞானி இல்லை. பகலில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், இரவில் மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு உட்காருகிறவன். அந்தத் தீர்ப்பின் முதல் சொல்லே தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேடியாகவில்லை.

முதலில் ஒரு பழைய கதை. 1937-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வீட்டன் என்றொரு சிற்றூர். குரோட் ரீபர் என்ற இருபத்தைந்து வயது ரேடியோ பொறியாளர் அங்கே தன் வீட்டுக் கொல்லையில், சொந்தக் காசில், ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமுள்ள டிஷ் ஒன்றைக் கட்டி நிறுத்தினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கி, பால்வீதியிலிருந்து ரேடியோ இரைச்சல் வருகிறது என்று கண்டு சொல்லியிருந்தார். வானியல் துறையில் அதை அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. ரீபர் பொருட்படுத்தினார். அன்றைய கோட்பாட்டின்படி அதிர்வெண் கூடக்கூட இரைச்சலும் கூடவேண்டும். அதனால் 3300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். ஒன்றுமில்லை. கருவியைப் பிரித்து மறுபடி கட்டி 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டார். அங்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் மாற்றி 160 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தார். பால்வீதி கேட்டது.

இரண்டாவது முயற்சியோடு அவர் நிறுத்தியிருந்தால்? ‘வானம் மௌனமாக இருக்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்’ என்று அவர் எழுதியிருந்தால் அதில் பொய் ஒன்றும் இருந்திருக்காது. சோதனை நடந்தது உண்மை, மௌனமும் உண்மை. ஆனால் அது வானத்தின் மௌனம் இல்லை, அவருடைய கருவியின் மௌனம். வானம் அந்த நேரமெல்லாம் இரைந்துகொண்டுதான் இருந்தது. பல ஆண்டுகள் வரை உலகத்தில் இந்த வேலையைச் செய்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். ரேடியோ வானியல் என்ற பெரிய துறை, அந்த ஒரு மனிதர் இரண்டு மௌனங்களை நம்ப மறுத்ததில் காலூன்றி நிற்கிறது. வேற்றுலகத் தேடலைக் கைவிடச் சொல்கிறவர்கள் இந்தக் கதைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்காத இடம் இல்லை. பதில் இன்னும் வரவில்லை.

இப்போது அந்த ‘அறுபத்தைந்து வருஷ’க் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன்.

1959-இல் ஜுசெப்பே கொக்கோனி, பிலிப் மோரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் நேச்சர் இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பிரபஞ்சத்தில் எங்கும் நிறைந்திருப்பது ஹைட்ரஜன். அது தானாகவே 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், மெல்லிதாக ஒலிக்கிறது. வானியல் தெரிந்த யாருக்கும் தெரிந்த எண் அது. யாராவது நம்மோடு பேச நினைத்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பேசக்கூடும் என்றார்கள். மறு ஆண்டு ஏப்ரலில், மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில், வானியலாளர் பிராங்க் டிரேக் 26 மீட்டர் டிஷ் ஒன்றை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். ஓஸ்மா என்று பெயரிட்ட அந்தத் தேடல் ஜூலையோடு முடிந்துவிட்டது. இரண்டே நட்சத்திரங்கள், நான்கு மாதம், நாளுக்குச் சில மணி நேரம்.

அங்கிருந்து இன்றுவரை நீளும் காலத்தை அப்படியே கேட்ட காலமாக எழுதுவது, வீணை வாங்கி வீட்டில் வைத்து அறுபத்தைந்து வருஷம் ஆயிற்று என்பதால் அறுபத்தைந்து வருஷம் சாதகம் செய்ததாகச் சொல்வது போன்றது. இந்த இடைக்காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 1978-இல் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர், அரசின் வீண்செலவுகளுக்கு என்று தான் கொடுத்துவந்த ‘தங்கக் கம்பளி’ விருதை இந்தத் தேடலுக்கும் கொடுத்தார். சில ஆண்டுகளில் அவரே முன்னின்று நிதியையும் நிறுத்தினார். வானியலாளர் கார்ல் சேகன் நேரில் சந்தித்துப் பேசிய பிறகுதான் அவருடைய எதிர்ப்பு தணிந்தது. நாசா மறுபடி ஆரம்பத்திலிருந்து கருவிகள் செய்து, 1992 அக்டோபர் 12 அன்று தேடலைத் தொடங்கியது. அடுத்த அக்டோபரில், நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையனின் முயற்சியால் அமெரிக்கக் காங்கிரஸ் அதை மூடியது. ஒரே ஒரு வருஷம். ஓஹாயோவில் ‘பெரிய காது’ என்று அழைக்கப்பட்ட தொலைநோக்கி 1973-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தது. 1998-இல் அதை இடித்துவிட்டார்கள். அந்த நிலம் கோல்ஃப் மைதானத்துக்குப் போனது. கலிபோர்னியாவின் ஹாட் கிரீக்கில் இந்தத் தேடலுக்கென்றே 42 டிஷ்களோடு 2007-இல் இயங்கத் தொடங்கிய ஆலன் அணி, 2011 ஏப்ரலில் பணமில்லாமல் படுத்தது. பொதுமக்கள் அனுப்பிய நன்கொடை இரண்டு லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு அதே ஆண்டு டிசம்பரில் எழுந்தது. உலகத்தின் மிகக் கூர்மையான காதுகளில் ஒன்றான அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.

இதையெல்லாம் கழித்துவிட்டு, உண்மையில் கேட்டது எவ்வளவு? 2018-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ரைட், ஷுபம் கனோடியா, எமிலி லூபர் மூவரும் அதைக் கணக்கிட்டார்கள். எந்தத் திசை, எந்த அதிர்வெண், எவ்வளவு தூரம், எவ்வளவு பலம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்று தேடவேண்டிய பரப்பு பல பரிமாணங்களில் விரிகிறது. அந்தப் பரப்பு முழுவதையும் பூமியின் கடல்நீர் அத்தனையும் என்று வைத்தால், நாம் இதுவரை அலசிப் பார்த்தது ஒரு சிறிய நீச்சல் குளத்தின் தண்ணீர் அளவு. சென்னைத் தெருக்களில் கோடையில் வந்து நிற்கும் தண்ணீர் லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு லாரித் தண்ணீரை வடிகட்டிப் பார்த்துவிட்டு, வங்கக் கடலிலும் பசிபிக்கிலும் மீனே கிடையாது என்று அறிவிக்கிறவரை மீனவக் குப்பத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். படித்தவர்கள் கூடும் இடத்தில் மட்டும் அதற்குத் தலையாட்டல் கிடைக்கிறது.

பல பரிமாணம் என்றதும் மலைக்கவேண்டாம். இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிய தலைமுறைக்கு இது கைவந்த விஷயம். ரேடியோ நல்ல ரேடியோவாக இருக்கும். ஏரியல் கம்பியும் ஓட்டின்மேல் கட்டியிருக்கும். இருந்தாலும் முள் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் கரகரப்புதான். முள் சரியாக இருந்தும் நிலையம் மூடிய நேரமாக இருந்தால் அதே கரகரப்பு. நேரமும் முள்ளும் சரியாக அமைந்தும் அன்றைக்கு வானம் சரியில்லை என்றால் மறுபடி கரகரப்பு. அதற்காக இலங்கையில் யாருமே இல்லை என்று எந்த வீட்டிலும் முடிவு கட்டியதில்லை. மறுநாள் மறுபடி முள்ளைத் திருப்பினார்கள்.

இன்னொரு விதமாகவும் இதைச் சோதிக்கலாம். நம்மை அவர்கள் இடத்தில் வைத்துப் பார்ப்போம். 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோவிலிருந்து மனிதர்கள் ஒரு செய்தி அனுப்பினார்கள். 1,679 துண்டுத் தகவல்கள். நம் எண்கள், நம் உடலின் அணுக்கள், டி.என்.ஏ.வின் வடிவம், ஒரு மனித உருவம், சூரியக் குடும்பம் எல்லாம் அதில் இருந்தன. ஏறக்குறைய 25,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை நோக்கிப் போனது. ஒலிபரப்பு நீடித்தது மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. அதே செய்தியை நாம் அந்தத் திசைக்கு மறுபடி அனுப்பவில்லை.

செய்தி போகிற வழியில் எங்கோ ஒரு கிரகத்தில், என்னைப் போன்ற ஒரு ஜீவன் தன் மாடியில் ஆன்டெனாவோடு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நிமிஷம் அதன் கருவியில் பதிவாகிறது. பதறி எழுந்து எல்லோரையும் கூப்பிடுகிறது. பெரிய பெரிய தொலைநோக்கிகள் நம் பக்கம் திரும்புகின்றன. ஒரு வாரம், ஒரு வருஷம், நூறு வருஷம். ஒன்றும் வரவில்லை. அவர்களுடைய அறிஞர்கள் நம் அறிஞர்களின் அளவுகோலையே கையில் எடுத்தால், மறுபடி வராத சமிக்ஞை சமிக்ஞையே இல்லை, பூமியில் யாரும் இல்லை என்று கோப்பை மூடுவார்கள். எண்ணூறு கோடிப் பேர் இங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். நாம் இருப்பதையே நிரூபிக்க முடியாத அளவுகோலை வைத்து அவர்கள் இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

இது கற்பனைக்காகச் சொன்னது மட்டும் இல்லை. இங்கே நமக்கே அது நடந்திருக்கிறது. 1977 ஆகஸ்ட் 15 இரவு, மேலே சொன்ன ‘பெரிய காது’ தொலைநோக்கியில், 1420 மெகாஹெர்ட்ஸுக்கு மிக அருகில் ஒரு பலத்த சமிக்ஞை 72 விநாடி பதிவானது. வானத்தில் நிலையாக உள்ள ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஆகும் நேரமும் அதுதான். சில நாள் கழித்துக் கணினித் தாள்களைப் புரட்டிய ஜெர்ரி ஏமன் அந்த எழுத்துக்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். நிதி வெட்டப்பட்டு வேலையாட்கள் போய்விட்ட அந்தத் தொலைநோக்கியில் ஏமன் அப்போது சம்பளமில்லாத் தொண்டர். பார்வைக் கொம்புகள் இரண்டு இருந்தும் ஒன்றில்தான் சமிக்ஞை பதிவானது. மறுபடி அது வரவே இல்லை. ஹைட்ரஜன் மேகம் ஒன்று திடீரென்று பிரகாசித்ததாக இருக்கலாம் என்று 2024-இல் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. அப்படியும் இருக்கலாம். அது வேற்றுலகச் செய்தி என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்வது வேறு. அந்த இடத்தை அதற்குப் பிறகு மனிதர்கள் எத்தனை மணி நேரம் உற்றுக் கேட்டார்கள் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த ராபர்ட் கிரே என்ற தரவு ஆய்வாளர், எந்தப் பதவியும் இல்லாதவர், தன் வீட்டுக் கொல்லையில் டிஷ் வைத்துப் பல ஆண்டுகள் கேட்டார். பிறகு மன்றாடி 1995-லும் 1996-லும் நியூ மெக்சிகோவின் பெரிய அணித் தொலைநோக்கியில் நேரம் வாங்கிக் கேட்டார். டாஸ்மானியா வரை போனார். 2021-இல் இறந்துபோகும்வரை அவர் விடவில்லை. ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

அந்த ராபர்ட் கிரேதான் எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதத்தையும் சோதித்துப் பார்த்தவர். ஃபெர்மி முரண் என்கிறார்களே, அதைச் சொல்கிறேன். 1950 கோடையில் லாஸ் அலமோஸில் மதிய உணவு மேசையில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி, “எல்லோரும் எங்கே?” என்று கேட்டார். அதிலிருந்து, அவர்கள் இருந்தால் இதற்குள் வந்திருக்கவேண்டும், வரவில்லை, ஆகவே இல்லை என்று ஃபெர்மியே நிரூபித்துவிட்டார் என்பது போலப் பேசுகிறார்கள். அந்த மேசையில் கூட இருந்தவர்கள் எட்வர்ட் டெல்லர், ஹெர்பர்ட் யார்க், எமில் கொனோபின்ஸ்கி. பின்னாளில் அவர்களைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பயணம் செய்வது நடக்கிற காரியமா என்பதுதான் அன்று பேச்சு. யாரும் வராததற்குப் பயணத்தின் கடினமே காரணமாக இருக்கலாம் என்ற பக்கம்தான் பேச்சு போனது. ‘வரவில்லை, ஆகவே இல்லை’ என்ற வாதம் மைக்கேல் ஹார்ட் என்பவர் 1975-இல் எழுதியது. ஃபிராங்க் டிப்ளர் 1980-இல் அதை இன்னும் இறுக்கினார். அது ஃபெர்மியுடையதும் இல்லை, முரணும் இல்லை என்று கிரே 2015-இல் எழுதினார். ஒரு மேதையின் பெயரை வேறொருவர் வாதத்துக்கு ஒட்டிவிட்டு அந்தப் பெயரின் பலத்தில் ஒரு தேடலையே முடக்குவது நியாயமா?

பெயரை விடுங்கள். வாதம் நிற்கிறதா? எந்த நாகரிகமும் வசதி வந்ததும் பரவும், நாளடைவில் பால்வீதி முழுவதையும் நிறைத்துவிடும் என்பது அதன் அடித்தளம். முடியும் என்பதிலிருந்து செய்தே தீரும் என்பதற்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரே நாகரிகத்தைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் நிலவில் நடந்தார்கள். 1972 டிசம்பரில் கடைசி ஆள் ஏணி ஏறினார். அதன்பின் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே ஒரு மனிதக் கால் படவில்லை. வழி தெரியும், கருவி செய்யத் தெரியும், பணமும் உண்டு. போகவில்லை. அவர்களும் தங்கள் வாசலைத் தாண்டாமல் இருக்கலாம். தாண்டி வந்து, மனிதன் தோன்றுவதற்குப் பத்துக் கோடி ஆண்டு முன்பே போயும் இருக்கலாம். வாசலில் ஆள் இல்லை என்பதற்காக ஊரிலேயே ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

அவசரத் தீர்ப்பு எவ்வளவு நஷ்டம் கொண்டுவரும் என்பதற்குச் செவ்வாய் ஒரு சாட்சி. 1976-இல் இரண்டு வைக்கிங் கலங்கள் அங்கே இறங்கி மண்ணைச் சோதித்தன. ஒரு சோதனையில் மண் உயிருள்ளது போல எதிர்வினை காட்டியது. ஆனால் மண்ணைச் சூடாக்கி வாயுவைப் பிரித்துப் பார்த்த கருவி, கரிமச் சேர்மங்கள் இல்லை என்றது. கிடைத்த ஓரிரு எளிய குளோரின் சேர்மங்களையும், பூமியில் கலத்தைக் கழுவிய ரசாயனத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். கரிமம் இல்லையென்றால் உயிருக்கு ஏது வழி? கோப்பு மூடப்பட்டது. 1997 வரை செவ்வாயில் வேறெந்தக் கலமும் வெற்றிகரமாகத் தரையிறங்கி வேலை செய்யவில்லை. இருபத்தொரு வருஷம். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்டது. அந்த உப்போடு சேர்த்துச் சூடாக்கினால் கரிமச் சேர்மங்கள் எரிந்து குளோரின் சேர்மங்களாக மாறிப்போகும். தேடிய பொருளைத் தேடிய கருவியே எரித்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பின்னர் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்ப் பாறைகளில் கரிமச் சேர்மங்களைக் கண்டெடுத்தது. செவ்வாயில் உயிர் இருந்தது என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் 1976-இல் எழுதிய ‘இல்லை’ தகுதியில்லாத ‘இல்லை’. 2024-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி சிறுத்தைப் புள்ளிகள் போன்ற திட்டுக்கள் கொண்ட பாறை ஒன்றைக் கண்டு, அதில் துளையிட்டு எடுத்த துண்டைக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறது. பூமியில் அப்படிப்பட்ட திட்டுக்களை நுண்ணுயிர்களும் உண்டாக்கும், உயிரில்லாத வேதிவினைகளும் உண்டாக்கலாம். அந்தக் குழாயை இங்கே கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும். கொண்டுவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது.

செலவு என்றதும் பசியைக் காட்டி வாயை அடைக்கிறவர்கள் வருவார்கள். பசி பெரிய விஷயம், அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் தொகையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். 1993-இல் மூடப்பட்ட நாசா தேடலுக்கு ஆண்டுச் செலவு 1.2 கோடி டாலர் அளவு. அன்றைய நாசா செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை நிறுத்தியதால் யாருடைய இலையில் ஒரு பிடி சோறு கூடியது? அதன்பின் ரேடியோத் தேடல் பெரும்பாலும் தனியார் கொடையில்தான் நடக்கிறது. 2015-இல் தொழிலதிபர் யூரி மில்னர் பத்து ஆண்டுகளுக்கென்று அறிவித்த 10 கோடி டாலர் அப்படி வந்த பெருந்தொகைகளில் ஒன்று. பொதுப்பணம் வீணாகிறது என்று கூச்சலிடுகிறவர்கள், பொதுப்பணம் அநேகமாக இல்லாத இடத்தில் நின்று கூச்சலிடுகிறார்கள்.

இப்போது என் மொட்டைமாடிக்கு வாருங்கள். காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்று. அதன் பக்கத்தில் துளை போட்டு உள்ளே நீட்டிய, ஐந்தேகால் சென்டிமீட்டர் நீளச் செப்புக் கம்பி. டின்னின் வாயிலிருந்து விரியும் நான்கு அட்டைகள், அவற்றின் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது. கம்பியின் மறுமுனையில் விரல்நீளப் பெருக்கி, அதன்பின் பென் டிரைவ் அளவில் ஒரு ரிசீவர், அதன்பின் பழைய லேப்டாப். கூம்பின் வாயை நேர் மேலே பார்க்க வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஆவணி மாத முன்னிரவில் பால்வீதி உச்சிக்கு வரும்போது, திரையில் தட்டையாக ஓடும் கோட்டில் 1420.4 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெல்ல ஒரு திமில் எழும். கட்டிட வேலைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பழகிய இந்தத் தெருவில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஹைட்ரஜனின் குரல் ஒரு எண்ணெய் டின்னுக்குள் வந்து இறங்குகிறது. முதல் முறை அதைப் பார்த்த இரவு என் மனைவியை எழுப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒரு வருஷம், அந்தத் திமிலுக்குப் பக்கத்தில் ஊசிபோல ஒரு கோடு நின்றது. இயற்கையின் சமிக்ஞைகள் அகலமாகப் பரவியிருக்கும். ஊசிபோல ஒடுங்கியிருந்தால் யாரோ செய்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. கூம்பை வடக்கே சாய்த்தேன், தெற்கே சாய்த்தேன். ஊசி அசையவில்லை. வானத்திலிருந்து வருவது கூம்பைத் திருப்பினால் மறையவேண்டும். அப்போதே பாதி விடை தெரிந்துவிட்டது. நான்காம் நாள் இரவு தெருவில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி சட்டென்று விழுந்தது. கரண்ட் வந்ததும் ஊசியும் வந்தது. வீடு வீடாகக் கேட்டு, கடைசியில் எதிர்வரிசையில் புதிதாக மாட்டிய கண்காணிப்புக் கேமரா என்று கண்டுபிடித்தேன்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டு புதிராக இருந்த சில ரேடியோத் தெறிப்புகள், அங்கேயே சாப்பாடு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பதால் வருபவை என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். அதே தொலைநோக்கியில் 2019-இல், நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியின் பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஊசிச் சமிக்ஞை வந்தது. முதலில் அதைக் கவனித்தவர் ஒரு கல்லூரி மாணவர். உலகமே பரபரத்தது. சோஃபியா ஷேக்கும் குழுவினரும் பொறுமையாக ஆராய்ந்து, மனிதக் கருவிகளின் குறுக்கீடு என்று 2021-இல் தாங்களே எழுதி முடித்தார்கள். நம்பிக்கையில் மிதக்கிறவர்கள் செய்கிற காரியமா இது? தேடுகிறவர்களைப் பறக்கும் தட்டுக் கூட்டத்தோடு சேர்த்து வைத்துப் பேசுகிறவர்கள் இந்த அறிக்கைகளில் ஒன்றையாவது படித்திருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். மங்கலான படத்தைக் காட்டி ‘வந்துவிட்டார்கள்’ என்பவருக்கும், ஒரு லாரித் தண்ணீரைக் காட்டி ‘இல்லவே இல்லை’ என்பவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை.

தேடல் ரேடியோவோடு நிற்கவும் இல்லை. 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில், பூமியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு ஒன்றின் சாயல் தெரிவதாக 2025 ஏப்ரலில் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. மறு மாதமே மற்ற குழுக்கள் அதே தரவை எடுத்து வேறு விதமாகவும் விளக்கலாம் என்று காட்டின. விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும். 1995-இல் சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் முதல் கோள் தெரியவந்தபோது, வேறு சூரியன்களுக்குக் கோள்கள் உண்டா என்பதே கேள்வியாக இருந்தது. இன்று பட்டியலில் 6,000-க்கு மேல். கேள்வி ‘கோள் உண்டா’ என்பதிலிருந்து ‘அதன் காற்றில் என்ன’ என்பதற்கு முப்பது வருஷத்தில் வந்திருக்கிறது. இப்படி ஒரு நேரத்தில்தான் ‘போதும், நிறுத்து’ என்கிறார்கள்.

‘சரி, அதெல்லாம் பெரிய தொலைநோக்கிகளின் வேலை, உன் எண்ணெய் டின்னுக்கு இதில் என்ன இடம்?’ என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. ரீபர் யார்? ஏமன் அன்று யார்? கிரே யார்? ஒளி தாறுமாறாக மங்கும் ஒரு விசித்திர நட்சத்திரத்தை, கெப்ளர் தொலைநோக்கியின் தரவில் முதலில் கண்டவர்கள் வீட்டிலிருந்தபடி வரைகோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வலர்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர்களின் பெயர்களும் இருந்தன. அந்த மங்கலுக்குத் தூசிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதனாலென்ன, முதலில் பார்த்தது அவர்கள். 1999-இலிருந்து 2020 வரை ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை அரெசிபோ தரவை அலசக் கொடுத்தார்கள். என் ஆன்டெனா ஒரு வேற்றுலகச் சமிக்ஞையைப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதன் கூர்மைக்கு அது எட்டாது. அது எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. திரையில் ஒன்றுமில்லாத இரவுக்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும் என்று அது ஒவ்வொன்றாக எனக்குக் காட்டியது. கம்பி இளகியிருக்கும். பெருக்கி சூடேறியிருக்கும். பால்வீதி இன்னும் எழுந்திருக்காது. இவை எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் ‘இல்லை’ என்று நோட்டில் எழுத எனக்குக் கை வராது.

போன வாரம் மறுபடி கரண்ட் போனது. ஊசிகள் எல்லாம் ஒரே நொடியில் விழுந்தன. தெரு முழுக்க இருட்டு, எங்கள் வீட்டில் மட்டும் திரையின் வெளிச்சம். கீழே யாரோ மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார்கள். திமில் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது, முன்னைவிடத் தெளிவாக. எதிர்வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பு படிப்பவன், படியேறி வந்து, “மாமா, கரண்ட் இல்லாமலும் இது எப்படி நிற்குது?” என்றான். பாயை விரித்து அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கரண்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.